உயிரினங்களை வகைப்படுத்துவது எப்படி: குளக்கரையிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோயில் குளத்தின் படித்துறையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தாமரையும் அல்லியும் உடன்பிறந்தவை போலவே தோன்றும். இரண்டும் சேற்றில் வேர்விட்டவை. இரண்டுக்கும் வட்ட இலை, நீண்ட காம்பு, அடுக்கடுக்கான இதழ்கள். தாவரவியலாளர்களும் நெடுங்காலம் இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்த பிறகு இந்த உறவு உடைந்தது. தாமரை இன்று புரோட்டியேல்ஸ் என்னும் வரிசையில் (பல குடும்பங்கள் அடங்கிய கூட்டத்தில்) இருக்கிறது. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக நட்டிருக்கிறார்களே, அந்தச் சில்வர் ஓக் மரமும் அதே வரிசையைச் சேர்ந்தது. அல்லியோ, பூக்கும் தாவரங்களின் மரபுக்கொடியில் மிகத் தொடக்கத்திலேயே தனியாகப் பிரிந்துவிட்ட கிளை. அல்லியைவிட வேப்பமரம் தாமரைக்கு நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் முதலில் நம்புவது கடினம். ஆனால் அதுதான் உண்மை.

வகைப்பாட்டியலை நான் நேசிப்பதற்குக் காரணம் இப்படிப்பட்ட இடங்கள்தாம். பள்ளியில் அது பெரும்பாலும் மனப்பாடப் பட்டியலாக வந்து சேர்கிறது. தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. உண்மையில் ஓர் உயிரினத்தை ஒரு கூட்டத்தில் வைக்கும்போது, அக்கூட்டத்தில் உள்ளவை அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று நாம் உறுதி கூறுகிறோம். அந்த உறுதிமொழியைச் சோதிக்கலாம்; தவறென்று தெரிந்தால் திருத்தலாம். அதைச் செய்யும் வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஒரு குறிப்பேடு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: மூன்று வேலைகளைப் பிரித்து அறிதல்

இனங்காணுதல், பெயரிடுதல், வகைப்படுத்துதல் ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள். கையில் இருக்கும் செடி, ஏற்கெனவே அறியப்பட்ட எந்தச் சிற்றினத்தைச் சேர்ந்தது என்று கண்டறிவது இனங்காணுதல். அந்தச் சிற்றினத்தை உலகம் முழுவதும் ஒரே சொல்லால் அழைக்க விதிகளின்படி ஏற்பாடு செய்வது பெயரிடுதல். அதன் உறவினர் யார், அந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்று நிறுவுவது வகைப்படுத்துதல். தொடக்கநிலையில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலப்பதால் வருகின்றன. பெயர் தெரியாத பூச்சியையும் சரியான கூட்டத்தில் வைக்க முடியும். பெயர் தெரிந்த மரத்தின் உறவு பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கவும் முடியும்.

படி 2: பார்த்ததை எழுதுதல்

வீட்டைச் சுற்றியுள்ள 10 அல்லது 12 உயிரினங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கே, எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு உடலமைப்பை எழுதுங்கள். செடியென்றால் இலை அமைந்திருக்கும் ஒழுங்கு, நரம்பு ஓடும் விதம், பூவிதழ்களின் எண்ணிக்கை, சூல்பையின் நிலை. விலங்கென்றால் கால்களின் எண்ணிக்கை, உடல் கண்டங்கள் (வளையங்கள்), தோலின் மூடுபொருள், வாயுறுப்பு. ‘அழகானது’, ‘பெரியது’ போன்ற சொற்களைத் தவிர்த்து, எண்ணக்கூடியதையும் அளக்கக்கூடியதையும் எழுதுவது நல்லது.

எடுத்துக்காட்டாக, மழை விட்ட மறுநாள் சுவரோரம் ஊரும் ஒரு மரவட்டையை எடுத்துக்கொள்வோம். தொட்டதும் சுருண்டுகொள்ளும், சில நிமிடம் அசையாமல் காத்திருந்தால் மெல்ல அவிழ்ந்து நடக்கத் தொடங்கும். அப்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், பின்னாலிருந்து முன்னோக்கி ஓர் அலை ஓடுவதுபோலக் கால்கள் அசைவது தெரியும். இன்னும் கூர்ந்து பார்த்தால், உடலின் பெரும்பாலான வளையங்களில் இந்தப் பக்கம் இரண்டு கால்கள், அந்தப் பக்கம் இரண்டு கால்கள் இருப்பதைக் காணலாம். பூரானுக்கு ஒவ்வொரு வளையத்திலும் ஓர் இணைக் கால்கள்தாம். இந்தச் சிறு வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டால், இரண்டையும் தனி வகுப்புகளில் வைப்பதற்கான முதல் சான்று கிடைத்துவிட்டது.

இப்படிக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் நம் மொழிக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் புறத்தே உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே உள்ளவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. வெட்டிக் கிடக்கும் ஒரு பனங்கட்டையின் முனையைப் பாருங்கள்: வெளிவட்டம் கறுத்து இரும்புபோல் இருக்கும், நடுப்பகுதி சோறுபோல் மெத்தென்று இருக்கும். வேம்பின் கட்டையிலோ வைரம் நடுவில் இருக்கிறது. பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றின் தண்டில் நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க்கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன. பனையிலும் தென்னையிலும் அவை வெளிவிளிம்பில் நெருக்கமாக அமைந்திருப்பதே அந்தப் புறவைரத்துக்குக் காரணம். இன்றைய தாவரவியல் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறது. உயரத்தைப் பார்த்துப் பனையை மரம் என்று சொல்லிவிடாமல், தண்டைப் பிளந்து பார்த்து முடிவு செய்தவர்களின் கண்ணை நாம் மதிக்க வேண்டும்.

அதே மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. சிதலும் எறும்பும் மூவறிவு உயிர்களாக ஒரே படியில் நிற்கின்றன. ஒரேயொரு பண்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சிதல் எனப்படும் கறையான், மரபுவழியில் கரப்பான்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே வருவது. எறும்போ குளவிக்கும் தேனீக்கும் உறவு. கூட்டமாக வாழும் வழக்கத்தை இரண்டும் தனித்தனியே அடைந்தன. இந்தத் தவறு பழைய நூல்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ், பெரும்பாலும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் வைத்துத் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். பயன்படுத்த எளிதாக இருந்தாலும், தொடர்பற்ற பல செடிகள் அதில் ஒரே அறையில் அடைபட்டன. கறையானை ஒரு தனி வரிசையாக வைத்திருந்த வழக்கமும், 2007-இல் மரபணுச் சான்று வெளிவந்த பிறகுதான் பரவலாகக் கைவிடப்பட்டது.

படி 3: உறவைக் காட்டும் பண்பையும் வெறும் ஒப்புமையையும் பிரித்தல்

வழிகாட்டி முழுவதிலும் கடினமான படி இதுவே. இதற்கு நேரம் ஒதுக்குவது வீண்போகாது. இரண்டு உயிரினங்கள் ஒன்றுபோல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பொது மூதாதையிடமிருந்து அந்தப் பண்பைப் பெற்றிருக்கலாம். அல்லது ஒரேமாதிரியான சூழலில் வாழ நேர்ந்ததால் தனித்தனியே அதை அடைந்திருக்கலாம். முதலாவது அமைப்பு ஒப்புமை. இரண்டாவது செயல் ஒப்புமை. வௌவாலின் இறக்கையையும் மனிதனின் கையையும் எலும்பு எலும்பாக ஒப்பிட்டால் மேற்கை எலும்பு, முன்கையின் இரண்டு எலும்புகள், மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் அதே வரிசையில் நிற்கின்றன. வண்ணத்துப்பூச்சியின் இறக்கையில் எலும்பே இல்லை. பறத்தல் என்ற செயல் வௌவாலையும் வண்ணத்துப்பூச்சியையும் சேர்க்கிறது. அமைப்பு வௌவாலை நம்மோடு சேர்க்கிறது.

இதை நேரில் பார்க்க ஊருக்கு வெளியே கரட்டு நிலத்துக்குப் போனால் போதும். சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாவற்றையும் நாம் கள்ளி என்றே அழைக்கிறோம். சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டு, இலை குறைந்த உடல், பலவற்றில் முள் என்று தோற்றமும் பெயருக்கு ஏற்பவே இருக்கிறது. ஆனால் சதுரக்கள்ளியில் சிறு காயம் பட்டாலும் வெள்ளைப்பால் வடிகிறது. சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை, வழவழப்பான நீர்தான் கசிகிறது. (கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு ஏற்படும்; கையுறை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், குழந்தைகளை அருகில் விடவும் வேண்டாம்.) சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூபோர்பியா என்னும் பேரினம், அவற்றின் உறவு ஆமணக்கு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட காக்டேசி குடும்பத்துச் செடி. நீர் குறைந்த நிலமே இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தது. சோற்றுக் கற்றாழையும் ஆனைக் கற்றாழையும் பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதும் இதே பாடம்தான்.

கடலில் இந்த ஏமாற்றம் இன்னும் மிகுதி. நட்சத்திரமீனும் ஜெல்லிமீனாகிய இழுதுமீனும் மீன்களே அல்ல, முதுகெலும்பே இல்லாதவை. டால்பினாகிய ஓங்கிலும் திமிங்கிலமும் மீன்போல் நீந்தினாலும் குட்டியீன்று பாலூட்டுகின்றன, நுரையீரலால் மூச்சு விடுகின்றன. லின்னேயஸே ‘சிஸ்டமா நேச்சுரே’ என்னும் தம் நூலின் முதல் பதிப்பில், 1735-இல், திமிங்கிலத்தை மீன்களோடு வைத்து, 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார்.

எந்தப் பண்பை நம்புவது என்று ஐயம் வந்தால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அந்தப் பண்பு வாழிடத்தோடும் உணவு முறையோடும் நேரடியாகக் கட்டுண்டதா? அப்படியானால் எச்சரிக்கையாக இருங்கள். ஒன்றோடொன்று தொடர்பற்ற பல பண்புகள் ஒரே உறவைச் சுட்டுகின்றனவா? அப்படியானால் நம்பிக்கை கூடுகிறது. தாமரையும் அல்லியும் நீர்வாழ்க்கையோடு கட்டுண்ட பண்புகளில் ஒத்துப்போயின. மகரந்தத்தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் தாமரையின் தூளில் மூன்று திறப்புகள் உண்டு, அல்லியில் அந்த அமைப்பு இல்லை. மூன்று திறப்பு என்பது வேம்பு, மா, சில்வர் ஓக் எல்லாம் அடங்கிய பெருங்கிளையின் அடையாளம். வெறுங்கண்ணுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: தாமரையின் இலை பிளவில்லாத முழு வட்டம், அல்லியின் இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவு ஓடுகிறது.

படி 4: மிகப் பெரிய கூட்டத்தில் இடம் காணுதல்

அடுத்து, உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உயிருலகின் எந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்தது என்று பாருங்கள். முதல் கேள்வி செல்லைப் பற்றியது: சவ்வால் சூழப்பட்ட உட்கரு இருக்கிறதா? இருந்தால் மெய்யுட்கரு உயிரி. இல்லாவிட்டால் பாக்டீரியா அல்லது ஆர்க்கியா. 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் முன்வைத்த ஐந்துலக வகைப்பாட்டில் உட்கரு இல்லாதவை அனைத்தும் மொனிரா என்னும் ஒரே உலகத்தில் அடங்கின. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லில் புரதம் உண்டாக்கும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வின் வரிசைகளை ஒப்பிட்டு, மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மற்ற பாக்டீரியாக்களிலிருந்து முற்றிலும் வேறுபட்ட கிளை என்று காட்டினார்கள். அந்த ஆர்க்கியாக்கள் மாட்டின் வயிற்றிலும் நெல்வயலின் சேற்றிலும் வாழ்கின்றன. 1990-இல் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்னும் முப்பெரும் பேருலக அமைப்பு வந்தது. ஐந்துலகம் இன்னும் பாடத்திட்டங்களில் இருப்பதால் அதைத் தெரிந்துகொள்வது தேவையே. ஆனால் மொனிரா, புரோட்டிஸ்டா (பெரும்பாலும் ஒரே செல்லால் ஆன மெய்யுட்கரு உயிரிகளின் உலகம்) ஆகிய இரண்டும் உறவுக்கூட்டங்கள் அல்ல, மற்ற இடங்களில் பொருந்தாதவற்றைப் போட்டுவைத்த அறைகள் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மெய்யுட்கரு உயிரிகளுக்குள் மிகுதியாகப் பிழைபடுவது காளான். மண்ணில் முளைக்கிறது, அசைவதில்லை என்பதால் அதைச் செடியென்று நினைக்கிறோம். காளானில் பச்சையம் இல்லை. செல்சுவரில் உள்ளது கைட்டின், அதாவது நண்டின் ஓட்டிலும் கரப்பானின் தோட்டிலும் உள்ள அதே வகைப் பொருள். மட்கியவற்றின்மீது நொதிகளைச் சுரந்து, கரைந்த உணவை உறிஞ்சிக்கொள்கிறது. மரபணுச் சான்றுகளின்படி பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை. மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கும் பழுப்புநிறக் கடற்பாசியும் தாவர உலகத்தைச் சேர்ந்ததன்று. அது வேறொரு தொலைதூரக் கிளை. வைரஸ்களுக்குச் செல் இல்லை. முப்பெரும் பேருலகங்களில் அவற்றுக்கு இடமில்லை, அவற்றுக்கெனத் தனி வகைப்பாடு இருக்கிறது.

படி 5: படிநிலைகளில் இறங்குதல்

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்பது தமிழ்நாட்டு வழக்கு. இலங்கைப் பாடநூல்களில் இவை இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் எனப்படும். சொல் வேறானாலும் படிநிலை ஒன்றே. இணையத்தில் இரு நாட்டு வாசகரும் ஒன்றாகப் படிப்பதால் இதைக் குறிப்பிடுவது அவசியம் என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை எடுத்து இறங்கிப் பார்ப்போம். உடல் பல செல்களால் ஆனது, பிற உயிர்களை உண்டு வாழ்கிறது, ஆகவே விலங்குலகம். கருநிலையில் முதுகுநாண், அதாவது முதுகோடு ஓடும் தாங்குதண்டு உண்டு; முதுகுநாணிகள் தொகுதி. உடலில் மயிரும் குட்டிக்குப் பாலும் உண்டு, பாலூட்டிகள் வகுப்பு. உடல் எடை மூன்றாம், நான்காம் விரல்களின்மீது விழுகிறது, இரட்டைக்குளம்பிகள் வரிசை. உதிராத, கிளைவிடாத, உள்ளே எலும்புமுனையும் வெளியே கொம்புறையும் கொண்ட கொம்பு. போவிடே குடும்பம், அதாவது மாடும் ஆடும் மானினத்தைப் போன்ற இரலைகளும் அடங்கிய குடும்பம். இதுவரை இடறல் இல்லை.

பேரினத்தில்தான் வரலாறு திரும்பியது. 1838-இல் விவரிக்கப்பட்ட வரையாடு, இமயமலையில் வாழும் தார் என்னும் காட்டாட்டோடு ஹெமிட்ராகஸ் என்னும் பேரினத்தில் நெடுங்காலம் இருந்தது. இரண்டும் செங்குத்துப் பாறைகளில் ஏறுபவை, கட்டுடல் கொண்டவை, பின்னோக்கி வளைந்த கொம்புடையவை. 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பேரினத்துக்கு நெருக்கமானது என்றும் நம் வரையாடு செம்மறியாட்டுப் பேரினத்துக்கு நெருக்கமானது என்றும் காட்டியது. அதன்பின் வரையாட்டுக்கு நீல்கிரிட்ராகஸ் என்னும் தனிப் பேரினம் அமைக்கப்பட்டது. அந்தப் பேரினத்தில் உயிரோடு இருப்பது இந்த ஒரே சிற்றினம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் வரையாடு அழிந்தால், ஒரு சிற்றினத்தோடு சேர்த்து ஒரு மரபுக்கிளையே அற்றுப்போகும். வகைப்பாடு இப்படிப் பாதுகாப்பின் முன்னுரிமையையும் மாற்றிவிடுகிறது.

படி 6: திறவுகோல் அமைத்தல்

இனங்காணுவதற்கு உதவும் கருவி இருகிளைத் திறவுகோல். ஒவ்வொரு படியிலும் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கூற்றுகள் இருக்கும். பொருந்துவதைத் தேர்ந்து அது காட்டும் எண்ணுக்குப் போக வேண்டும். கரப்பான், சிலந்தி, பூரான், மரவட்டை ஆகிய நான்குக்கும் ஒரு திறவுகோல் இப்படி அமையும்.

1அ. கால்கள் நான்கு இணை அல்லது அதற்குக் குறைவு: 2-க்குச் செல்க.
1ஆ. கால்கள் நான்கு இணைக்கு மேல்: 3-க்குச் செல்க.
2அ. மூன்று இணைக் கால்கள். உணர்கொம்பு உண்டு: கரப்பான்.
2ஆ. நான்கு இணைக் கால்கள்; உணர்கொம்பு இல்லை: சிலந்தி.
3அ. கண்டத்துக்கு ஓர் இணைக் கால்கள். தலைக்கு அடியில் நச்சுக்கொடுக்கு உண்டு: பூரான்.
3ஆ. பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணைக் கால்கள். நச்சுக்கொடுக்கு இல்லை: மரவட்டை.

இதை எழுதியவுடன் தம்பியிடமோ மாணவரிடமோ கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அவர் சரியான விடைக்கு வருகிறாரா என்று பாருங்கள். கூற்றில் உள்ள தெளிவின்மை அப்போதுதான் வெளிப்படும். எந்த உயிரினங்களுக்காக எழுதப்பட்டதோ அவற்றுக்கு மட்டுமே ஒரு திறவுகோல் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். இதில் ஒரு நண்டைக் கொண்டுவந்து வைத்தால் ஐந்து இணைக் கால்களோடு அது மூன்றாம் படியில் திகைத்து நிற்கும். திறவுகோல் உறவையும் காட்டாது. மேலே பூரானும் மரவட்டையும் ஒரு பக்கம், கரப்பானும் சிலந்தியும் மறுபக்கம் நிற்கின்றன. ஆனால் மரபுவழியில் பூச்சிகள் நண்டும் இறாலும் அடங்கிய பெருங்கிளைக்குள் இருந்து தோன்றியவை. கரப்பானுக்குச் சிலந்தியைவிட, மரவட்டையைவிட, மீன்சந்தையில் விற்கும் இறால் நெருங்கிய சொந்தம்.

படி 7: மரபுக்கொடி வரைதல்

உறவைக் காட்டுவதற்குக் கிளைவரைபடம் வேண்டும். 1859-இல் சார்லஸ் டார்வின் பொது மூதாதைக் கொள்கையை விரிவாக நிறுவிய பிறகு வகைப்பாட்டின் பொருளே மாறியது. ஆனால் கிளைகளை எப்படிக் கண்டறிவது என்பதற்கு ஒழுங்கான முறையை வகுத்தவர் செருமானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக். அவருடைய நூல் 1950-இல் வெளிவந்தது. அவர் கூறியதன் சாரம் இதுதான்: பழைய பண்பைப் பகிர்ந்துகொள்வது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது, ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றிய பண்பைப் பகிர்ந்துகொள்வதே சான்று.

சுறா, தவளை, பல்லி, முதலை, கோழி, பசு ஆகிய ஆறையும் எடுத்து ஓர் அட்டவணை போடுங்கள். ஆறுக்கும் முதுகெலும்பு உண்டு. எல்லாருக்கும் பொதுவானது யாரையும் பிரிக்காது, அதை ஒதுக்கிவிடலாம். சுறாவைத் தவிர மற்றவற்றில் நான்கு கால்களின் அமைப்பு உண்டு (கோழியின் இறக்கை முன்காலே). எனவே சுறா முதலில் பிரிகிறது. கருவைச் சூழும் பனிக்குடம் பல்லி, முதலை, கோழி, பசு ஆகியவற்றில் உண்டு. தவளை அடுத்துப் பிரிகிறது. மயிரும் பாலும் பசுவிடம் மட்டும் உண்டு. மற்ற மூன்றின் மூதாதையின் மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு திறப்புகள் இருந்தன. சுவரில் கிடக்கும் பல்லியெச்சத்தின் வெள்ளை நுனியையும் கோழியெச்சத்தின் வெள்ளைப் பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் யூரிக் அமிலம்; இதுவும் அவற்றின் உறவுக்கு ஒரு சான்று.

இங்கே ஒரு முரண் வரும். நான்கு அறை இதயம் முதலைக்கும் கோழிக்கும் உண்டு, பசுவுக்கும் உண்டு; பல்லிக்கு மூன்று அறைதான். இதயத்தை மட்டும் நம்பினால் பசு கோழியோடு சேர்ந்துவிடும். மண்டையோடு, கழிவு, மரபணு எல்லாம் அதற்கு எதிராக நிற்கின்றன. எந்தக் கிளையமைப்பு மிகக் குறைந்த எண்ணிக்கையிலான மாற்றங்களோடு எல்லாப் பண்புகளையும் விளக்குகிறதோ, அதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். அதன்படி பாலூட்டிகள் நான்கு அறை இதயத்தைத் தனியாக அடைந்தன என்ற முடிவுக்கு வருகிறோம்.

வரைந்து முடித்த படத்தில், முதலையின் நெருங்கிய உறவு பல்லியல்ல, கோழி. பறவைகளை வெளியே விட்டுவிட்டு ‘ஊர்வன’ என்று ஒரு கூட்டம் அமைத்தால், ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் சிலரை மட்டும் குடும்ப அட்டையில் சேர்த்து, ஒருவரை விட்டுவிட்டதாக ஆகும். மூதாதையும் அதன் வழிவந்த அனைத்தும் சேர்ந்தால்தான் முழுமையான கூட்டம். இந்த அளவுகோலை வைத்து உங்கள் குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு கூட்டத்தையும் சோதியுங்கள். ‘மீன்’ என்ற சொல்லும் இதில் தேறாது, ஏனெனில் நுரையீரல் மீன்கள் சுறாவைவிட நமக்கே நெருங்கியவை.

படி 8: பெயரைச் சரிபார்த்தல்

பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் ஒலியில் இரட்டையர். ஆனால் முன்னது கீரைத்தண்டின் குடும்பம், பின்னது சூரியகாந்தியின் குடும்பம். வழக்குப் பெயர்கள் அழகானவை, காக்கப்பட வேண்டியவை. மருந்துக்கும் ஆய்வுக்கும் அவை மட்டும் போதா. அதனால்தான் பேரினப் பெயர், சிற்றின அடைமொழி என்னும் இரண்டு சொற்களால் ஆன இருசொற் பெயரீடு. தாவரப் பெயர்களுக்கு லின்னேயஸின் 1753-ஆம் ஆண்டு நூலும், விலங்குப் பெயர்களுக்கு 1758-ஆம் ஆண்டுப் பதிப்பும் தொடக்கப் புள்ளிகள். உரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்தாகவும், இரண்டு சொற்களும் சாய்வெழுத்திலும் இருக்க வேண்டும்.

விதிகளில் முதன்மையானது முன்னுரிமை விதி. துளசிக்கு லின்னேயஸே இரண்டு பெயர்கள் வைத்துவிட்டார்: 1753-இல் ஓசிமம் டெனுயிஃப்ளோரம், 1767-இல் ஓசிமம் சாங்டம். ‘புனிதமானது’ என்ற பொருள் தரும் இரண்டாவது பெயர் நம் மனத்துக்கு உகந்ததாக இருந்தாலும், முந்தியது முதலாவது என்பதால் அதுவே ஏற்கப்பட்ட பெயர். வேம்பை லின்னேயஸ் மீலியா பேரினத்தில் வைத்தார். 1830-இல் அது அசாடிராக்டா இண்டிகா ஆனது. பழைய நூல்களைப் படிக்கும்போது இந்தப் பெயர்மாற்றங்களைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். சிற்றினப் பெயர் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஏதோ ஒரு காப்பகத்தில் இருக்கும் ஒரு மாதிரிக்கூறோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 9: கூட்டத்தைச் சோதித்தல், திருத்துதல்

நல்ல கூட்டம் நாம் இதுவரை பார்க்காததையும் முன்கூட்டியே சொல்லும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், பழைய முறையில் லில்லியேசி என்னும் பெருங்குடும்பத்தில் வெங்காயம், கற்றாழை ஆகியவற்றோடு இருந்தது. மரபணு வரிசைகளின் அடிப்படையில் பூக்கும் தாவரங்களை வகைப்படுத்தும் ஆய்வாளர் குழுவின் முதல் அமைப்பு 1998-இல் வந்தது. 2016-இல் வந்த நான்காம் அமைப்பில் 64 வரிசைகளும் 416 குடும்பங்களும் உள்ளன. அதில் வெங்காயம், கற்றாழை, செங்காந்தள் மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். செங்காந்தள் சேர்ந்திருப்பது கோல்ச்சிகேசியில். ஐரோப்பாவில் கீல்வாத மருந்தான கோல்ச்சிசின் எடுக்கப்படும் கோல்ச்சிகம் செடியும் அதே குடும்பம். செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சும் அதே கோல்ச்சிசின்தான். புதிய வகைப்பாடு அந்த வேதியியலோடு பொருந்தி நிற்கிறது. பழைய குடும்பம் இதைச் சொல்லவில்லை.

நிலவியலும் இப்படிச் சான்று தருவதுண்டு. 2003-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையின் நெருங்கிய உறவினர் இந்தியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலின் செய்ஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்தின் சுவடு அந்தத் தவளையின் உடலில் தங்கியிருக்கிறது. 2017-இல் அதன் இரண்டாவது சிற்றினம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது.

விலங்குகளில் இனங்காணுவதற்கு 2003 முதல் செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பட்டைக்குறியீடு போலப் பயன்படுத்துகிறார்கள். தாவரங்களுக்குப் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தின் மரபணுக்கள் பயன்படுகின்றன. இது விரைவான கருவி. ஆனால் ஒரு துண்டு மரபணுவும் ஒரேயொரு பண்புதான் என்பதால், இரண்டாம் படியில் கண்ட எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். உட்கருவுள்ள உயிர்களின் சிற்றினங்கள் சுமார் 87 இலட்சம் இருக்கலாம் என்று 2011-இல் மதிப்பிடப்பட்டது. அப்போது பெயரிட்டுப் பதிவாகியிருந்தவை ஏறக்குறைய 12 இலட்சம். உங்கள் குறிப்பேட்டுக்கு வேலை மிச்சமிருக்கிறது.

முடிவு மாறும்போது பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அடித்தும் திருத்த வேண்டாம். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற உலர்தாவரக் காப்பகங்களில் கடைப்பிடிக்கும் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். அழுத்தி உலர்த்திய செடி ஒட்டிய தாளின் மூலையில் சேகரித்தவர் எழுதிய முதல் சீட்டு இருக்கும்: ஊர், நாள், அன்று அவர் கருதிய பெயர். பின்னால் வந்த ஆய்வாளர் வேறு பெயர் என்று கண்டால், புதிய சீட்டில் அந்தப் பெயரையும் தம் பெயரையும் ஆண்டையும் எழுதி, முதல் சீட்டை மறைக்காமல் பக்கத்தில் ஒட்டுவார். சில தாள்களில் இப்படி மூன்று, நான்கு சீட்டுகள் வரிசையாக இருக்கும். செடி நடுவில் அப்படியே இருக்கும்.